நீருக்கடியில் கலம் செலுத்தும் சக்தி எது?

நீர்மூழ்கிக் கப்பல் என்றவுடன் வல்லரசுகளின் கடற்படைகளே பலர்க்கும் நினைவுக்கு வரும். ஆயின், அதன் தொடக்க கால வரலாற்றை நோக்கின், அதற்காக உழைத்தவர்களுள் பலர் கடற்படையைச் சாராத தனிமனிதர்கள் என்பது புலனாகும். ஒருவர் பதிப்பாளர், ஒருவர் கிறித்தவப் பாதிரியார், ஒருவர் பள்ளி ஆசிரியர். தம் கைப்பொருளையும் பிறர் தந்த உதவியையும் கொண்டு இவர்கள் சிறு கலங்களைக் கட்டினர். இவர்கள் அனைவரையும் வாட்டிய வினா ஒன்றே: நீருக்கடியில் கலத்தை எந்தச் சக்தியால் செலுத்துவது?

மூழ்குதல் அத்துணை அரிய செயலன்று. தொட்டியில் நீரை நிரப்பினால் கலம் தாழும். நீரை வெளியேற்றினால் மேலெழும். தாழ்ந்தபின் முன்னே செல்வதே அரிது. நெருப்பு எரியக் காற்று வேண்டும். மனிதன் வாழவும் காற்று வேண்டும். அடைத்த கலத்தினுள் பொறியும் மனிதனும் ஒரே காற்றுக்குப் போட்டியிட நேர்கிறது. நீர்மூழ்கியின் வரலாறு முழுவதும் இந்தப் போட்டியைத் தீர்க்கும் முயற்சியே எனலாம்.

கைவலிமையும் அதன் எல்லையும்

அமெரிக்க விடுதலைப் போரின்போது டேவிட் புஷ்னல் என்பவர் 'ஆமை' என்னும் ஒருவர் அமரும் மரக்கலத்தை அமைத்தார். 1776-இல் அது நியூயார்க் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றைத் தாக்கச் சென்றது. உள்ளிருந்தவர் திருகு விசிறியைக் கையால் சுழற்ற வேண்டும். சுக்கானைத் திருப்புவதும் அவரே. நீர் இறைப்பதும் அவரே. தாக்குதல் கைகூடவில்லை.

எண்பது ஆண்டுகளுக்குப் பின், ஸ்பெயின் நாட்டுக் கத்தலோனியாவில் நர்சிசு மொந்துரியோல் இத்துறையில் இறங்கினார். அவர் போரை விரும்பியவரல்லர். பவளம் எடுக்கக் கடலில் மூழ்குவோர் படும் துன்பமே அவரைத் தூண்டியது. 1859-இல் அவர் மிதக்கவிட்ட முதற் கலமும், 1864-இல் மிதக்கவிட்ட 'இக்டினியோ' இரண்டாம் கலமும் மனிதர் கைவலிமையால் ஓடின. பதினாறு பேர் சேர்ந்து சுழற்றியும் இரண்டாவது கலம் போதிய வேகம் பெறவில்லை. எனவே மொந்துரியோல் நீராவியை நாடினார். ஆனால் கரி எரிக்க வழியில்லை. துத்தநாகம், மாங்கனீசு டையாக்சைடு, பொட்டாசியம் குளோரேட் ஆகியவற்றை வினைபுரியச் செய்து, அவ்வெப்பத்தால் நீரைக் கொதிக்க வைத்தார். அவ்வினையில் வெளிப்பட்ட பிராணவாயு உள்ளிருப்போர் மூச்சுக்கும் உதவிற்று. பொறி காற்றைப் பறிப்பதற்கு மாறாகக் காற்றைத் தந்தது! 1867-இல் இப்பொறி சோதனையில் இயங்கியது. ஆயினும் அவ்வாண்டு முடிவதற்குள் பணம் தீர்ந்து நிறுவனம் நொடித்தது. கலம் உடைத்து விற்கப்பட்டது.

இங்கிலாந்தில் ஜார்ஜ் காரெட் பாதிரியார் வேறு வழி கண்டார். 1879-இல் அவர் அமைத்த 'ரிசர்கம்' என்னும் கலத்தில், மேலே இருக்கும்போதே கொதிகலனை நன்கு சூடேற்றி, மூழ்குமுன் அடுப்பை மூடிவிடுவர். தேங்கிய வெப்பத்தில் கலம் சிறிது தொலைவு ஓடும். அவ்வெப்பமே உள்ளிருந்தோரை வாட்டியது. 'மீண்டும் எழுவேன்' என்னும் பொருள் கொண்ட அக்கலம், 1880 பிப்ரவரியில் வேல்ஸ் கடற்கரைக்கு அப்பால் கட்டியிழுக்கப்பட்டபோது மூழ்கிப் போயிற்று.

மின்சாரத்தின் வருகை

1859-இல் பிளான்டே கண்ட ஈயச் சேமக்கலம், 1881-இல் போரே செய்த திருத்தத்தால் பயன்மிக்கதாயிற்று. மின்பொறி மூச்சு விடுவதில்லை, புகை கக்குவதில்லை. 1888-இல் ஸ்பெயினின் ஐசக் பெரால் அமைத்த கலமும், பிரான்சின் 'ஜிம்னோட்' கலமும் நூற்றுக்கணக்கான மின்கலங்களைச் சுமந்து ஓடின. ஆனால் மின்கலம் சக்தியைப் படைப்பதில்லை. சேமித்துத் தருவதே அதன் தொழில். தீர்ந்த மின்சாரத்தைக் கலத்திலேயே மீண்டும் ஏற்ற வழியில்லாததால், இவை துறைமுகத்தை விட்டு நெடுந்தொலைவு செல்ல இயலவில்லை.

ஆசிரியர் கண்ட தீர்வு

அயர்லாந்தில் பிறந்த ஜான் பிலிப் ஹாலந்து அமெரிக்காவில் பாட்டர்சன் நகரப் பள்ளியில் ஆசிரியராய் இருந்தவர். 1875-இல் அவர் கடற்படைக்கு அனுப்பிய திட்டம், ஒருவர் காலால் மிதித்துச் செலுத்தும் கலமாகும். அதிகாரிகள் ஏற்கவில்லை. அயர்லாந்து விடுதலை இயக்கத்தார் பொருளுதவி செய்ய, 1878-இல் பதினான்கு அடி நீளச் சிறு கலத்தைப் பசாயிக் ஆற்றில் சோதித்தார். அதில் வைத்த பெட்ரோல் பொறி இயங்க மறுத்தது. ஹாலந்து சோர்ந்தாரில்லை, பக்கத்தில் சென்ற படகிலிருந்து ரப்பர்க் குழாய் வழியே நீராவியைக் கொணர்ந்து பொறியை ஓட்டினார்.

பின்னாளில் அமெரிக்கக் கடற்படை அவரிடம் 'பிளஞ்சர்' என்னும் கலத்தைக் கேட்டது. மேற்பரப்பில் ஓட நீராவிப் பொறியே வேண்டும் என்றும் வற்புறுத்தியது. அதன் கொதிகலன் அறை மனிதர் நிற்க முடியாதபடி கொதித்தது. இது தேறாது என்று உணர்ந்த ஹாலந்து, பிறர் கட்டளைக்கு உட்படாத வேறொரு கலத்தைத் தம் நிறுவனத்தின் செலவிலேயே கட்டினார். 1897 மே 17-இல் மிதந்த அதன் நீளம் சுமார் 54 அடி.

அதில் இரு சக்திகள் இணைந்தன. மேற்பரப்பில் 45 குதிரைத்திறன் பெட்ரோல் பொறி. நீருக்கடியில் சேமக்கலங்களால் ஓடும் மின்பொறி. மேலே செல்கையில் பெட்ரோல் பொறி மின்பொறியைச் சுழற்றும். அப்போது மின்பொறியே மின்னாக்கியாக மாறிச் சேமக்கலங்களை நிரப்பும். ஒரே கருவி இரு தொழில் செய்தது. கனமான மின்கலங்களும் வீண் சுமையாகவில்லை. கலத்தின் அடியில் அமர்ந்து அது கவிழாமல் காத்தன.

மின்சாரத்திற்கும் தீங்குகள் இல்லாமல் இல்லை. மின்னேற்றும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் வெடிக்கக்கூடியது. கடல்நீர் அமிலத்தில் கலந்தால் நச்சு வாயுவான குளோரின் எழும். 1897 அக்டோபரில் ஒரு தொழிலாளி வால்வைத் திறந்து விட்டுச் சென்றதால் ஹாலந்தின் கலம் கட்டுத்துறையிலேயே மூழ்கியது. உப்புநீரில் ஊறிய மின்பொறியைக் காக்க வழி தெரியாது திகைத்தபோது, பிராங்க் கேபிள் என்னும் மின்வல்லுநர், மின்சாரத்தையே எதிர்த்திசையில் செலுத்தி, அவ்வெப்பத்தால் சுருள்களை உலர்த்தினார். 1898 மார்ச் 17-இல் அக்கலம் நீருக்கடியில் வெற்றியுடன் ஓடிற்று. 1900 ஏப்ரல் 11-இல் அமெரிக்கக் கடற்படை அதனை 1,50,000 டாலருக்கு வாங்கியது.

பொறியையோ மின்கலத்தையோ மின்பொறியையோ ஹாலந்து கண்டுபிடித்தவரல்லர். ஒவ்வொன்றின் குறையையும் மற்றொன்றின் நிறையால் ஈடு செய்யும் வகையில் தேர்ந்து இணைத்ததே அவர் திறன். ஆயினும் அப்பயனை அவர் நெடுங்காலம் துய்க்கவில்லை. நிறுவனம் எலெக்ட்ரிக் போட் கம்பெனியாக மாறியபின் உரிமைகள் முதலாளிகள் வசமாயின. 1904-இல் அவர் விலகினார். 1914 ஆகஸ்டு 12-இல், முதல் உலகப்போர் மூண்ட சில நாட்களில், மறைந்தார்.

பெட்ரோலின் இடத்தைப் பின்னர் டீசல் பிடித்தது. இணைப்பு முறை மாறவில்லை. காற்றை நாடாத ஒரே பொறி என்னும் மொந்துரியோலின் எண்ணம், 1955 ஜனவரியில் 'நாட்டிலஸ்' அணுசக்தியால் புறப்பட்டபோது வேறு வடிவில் கைகூடியது. அதனைக் கட்டியதும் ஹாலந்தின் நிறுவனத்திலிருந்து தோன்றிய அந்த எலெக்ட்ரிக் போட் கம்பெனியே. ஆசிரியர் ஆற்றில் சோதித்த சிறு கலத்தின் உடல் 1927-இல் மீட்கப்பட்டுப் பாட்டர்சன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.