செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த 555

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஆறு எங்கள் ஊரான ஏரலுக்குள் புகுந்து கடைத்தெருவையே மூழ்கடித்தது. தண்ணீர் வடிந்ததும் சேற்றில் கிடந்த பைக்குகளை இழுத்து வந்து, ஆயில் மாற்றி, கார்புரேட்டர் கழுவி ஓட்டத் தொடங்கினோம். என் வண்டியில் இண்டிகேட்டர் எரிந்தது, ஆனால் சிமிட்டவில்லை.

அதைச் சிமிட்ட வைக்கும் ஃபிளாஷர் டப்பாவைப் பிரித்தேன். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த மெல்லிய தகடு. மின்சாரம் ஓடினால் சூடேறி வளைந்து இணைப்பை விடும். ஆறினால் மறுபடி தொடும். சிமிட்டல் என்பது இவ்வளவுதான். அதன் தொடுமுனைகள் துரு ஏறி ஒட்டிப்போயிருந்தன. புதுசு வாங்கிப் போடலாம் என்றார் மெக்கானிக் அண்ணாச்சி. எனக்கோ சொந்தமாகச் செய்துவிட ஆசை.

அதற்கு 555 என்ற டைமர் ஐசி வேண்டும். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் கமென்சிண்ட் 1971இல் கலிபோர்னியாவின் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்தது. 1972இல் விற்பனைக்கு வந்தது. பிறகு எத்தனையோ கம்பெனிகள் அதைத் தயாரித்துவிட்டன. எனக்கு வந்தது சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. நண்பர் செந்தூர் எக்ஸ்பிரஸில் கொண்டுவந்தார். வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பயணிகளோடு சிக்கி நின்றதே, அதே ரயில்.

எட்டுக் கால் கொண்ட இந்தச் சில்லின் அழகு ஓரிடத்தில் இருக்கிறது. அதனோடு இணைத்த கெப்பாசிட்டர், பேட்டரி வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஏறும், மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும், திரும்ப ஏறும். எல்லைகள் பேட்டரியோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், என்ஜின் ஐடிலில் முனகினாலும் தாளம் மாறாது. சூட்டை நம்பிய பழைய தகட்டுக்கு இது கைவராது. 10 கிலோ ஓம், 47 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்: ஒரு சுற்றுக்கு 0.72 விநாடி, நிமிடத்துக்கு 83 சிமிட்டல். 60க்குக் குறையாமல் 120ஐத் தாண்டாமல் இருக்கவேண்டும் என்பது விதி.

முன்னும் பின்னும் 10 வாட் பல்பு எரிய 1.7 ஆம்பியர் வேண்டும். 555 அதிகபட்சம் 0.2 ஆம்பியர்தான் தரும். அதனால் சுமையை ஐஆர்எஃப்9540 என்ற மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் தாங்குகிறது. பழைய ஃபிளாஷருக்கு இரண்டு வயர் போதும். இதற்கு எர்த் வயர் ஒன்று கூடுதல். டாட் போர்டில் சால்டர் வைத்து, சின்ன டப்பாவில் அடைத்து, மூடியின் விளிம்பெல்லாம் எம்-சீல் பூசினேன். மழைக்கு அது கட்டாயம். ஆடி அமாவாசைக்குச் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு ஜனம் திரளும்போது, கடைத்தெருவில் பின்னால் வருகிறவருக்கு நாம் திரும்புவது தெரிந்தாக வேண்டும் அல்லவா?

செய்துபார்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒரு பல்பு ஃபியூஸ் போனால் பழைய தகடு வேகம் மாறியோ, சிமிட்டாமல் நின்றோ காட்டிக்கொடுத்துவிடும். இந்த 555க்குப் பல்பு இருப்பதும் தெரியாது, போனதும் தெரியாது. ஆகவே வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்று வந்து, நான்கு விளக்கையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.