பல்லக்கும் புஷ் வண்டியும்

புதுச்சேரியில் பாரதி பூங்காவை ஒட்டி, செயின்ட் லூயி தெருவில் ஓர் அரும்பொருட்காட்சி சாலை இருக்கிறது. அரிக்கமேட்டுப் பாசிமணிகளையும் பழைய வெண்கல விக்கிரகங்களையும் பார்க்க வருகிறவர்களே அங்கே அதிகம். நான் போனது அவற்றுக்காக அல்ல. என் தங்கை மகன் மோட்டார் வண்டி வாங்கப் போகிறான். அவனுக்கு யோசனை சொல்லப் போனேன். மோட்டார் வாங்குவதற்கு மியூசியத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அவனும் அதைத்தான் கேட்டான்.

அவன் புதுச்சேரியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறான். கட்டடம் கட்டுகிறவர்களுக்குக் கம்பியும் ஆணியும் கீலும் தாழ்ப்பாளும் விற்கிற வியாபாரம். பதினைந்து வருஷ உழைப்பில் கடை நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் அவனுடைய பழைய கார் நிமிரவில்லை. ஏற்றத்தில் பெருமூச்சு விடும், மழையில் நின்றுவிடும். ஆகவே இப்போது ஊரெல்லாம் ஆசைப்படுகிற எஸ்.யு.வி. ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தான். தீர்மானம் அதோடு நின்றிருந்தால் எனக்கு வேலை இல்லை. ஒன்றா, மற்றொன்றா என்பதில்தான் வீடு இரண்டு பட்டது.

ஒரு நாள் தங்கை டெலிபோனில் அழைத்தாள். "அண்ணா, ஒரு நடை வந்து அவன்கிட்டே பேசிட்டுப் போங்க. நான் சொன்னா, 'உனக்கு என்னம்மா தெரியும்'கிறான்" என்றாள்.

போனேன். பையன் இரண்டு தாள்களை மேஜைமேல் வைத்தான். முதல் தாளில் இருந்தது ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள ஆடம்பர வண்டி. தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, தானே திறந்து தானே மூடும் பின்கதவு. அதற்கு 30 லட்சம் ரூபாய் கடன். நூற்றுக்கு 9 வட்டி, 84 மாதத் தவணை. மாதம் 48,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். கூட்டிப் பார்த்தேன். கடைசித் தவணை கட்டும்போது 40 லட்சத்தையும் தாண்டியிருக்கும். கடன் போக மீதி ரொக்கத்துக்கு, திண்டிவனம் பக்கத்தில் தங்கையின் பெயரில் இருக்கும் மனையை விற்க வேண்டும். பேத்தியின் படிப்புக்கென்று அவள் வைத்திருக்கும் மனை அது.

இரண்டாவது தாளில் இருந்தது நாலு மீட்டருக்குள் அடங்கும் சிறிய வண்டி. கையிலிருக்கிற பணம், கொஞ்சம் கடன். மூன்று வருஷத்தில் தீர்ந்துவிடும்.

"இதிலே யோசிக்க என்னடா இருக்கு?" என்றேன்.

"இருக்கு மாமா. பெரிய கான்ட்ராக்டருங்க ஆபீசுக்குச் சின்ன வண்டியிலே போய் இறங்கினா, வாட்ச்மேனே 'சாமான் இறக்கற வாசல் அந்தப் பக்கம்'ங்கறான். பெரிய வண்டியிலே வர்றவனுக்கு ஸலாம் போட்டுக் கேட்டைத் திறக்கறான். நான் ஆசைக்கு வாங்கலே மாமா. இது வியாபாரம்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் சொன்னது பொய்யல்ல. வாட்ச்மேன்களின் கண்ணைக் கொண்டுதான் உலகம் பெரும்பாலும் மனிதர்களை அளக்கிறது. "சரி, வா, ஓர் இடத்துக்குப் போகலாம்" என்று அவனை மியூசியத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு பல்லக்கு இருக்கிறது. ஒரு புஷ் வண்டியும் இருக்கிறது.

பல்லக்கைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் ஆனந்தரங்கப் பிள்ளையை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. 1709இல் பிறந்து, சென்னைப் பெரம்பூரிலிருந்து தகப்பனார் திருவேங்கடம் பிள்ளையோடு புதுச்சேரிக்கு வந்தவர். 1736 செப்டம்பரில் தொடங்கி ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் தினசரிக் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்புகளால்தான் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி நமக்கு இன்றும் பேசிக்கொண்டிருக்கிறது. பிரபஞ்சன் தமது சரித்திர நாவல்களைக் கட்டியது அந்த அஸ்திவாரத்தின் மேல்தான்.

1746இல் கனகராய முதலியார் காலமான பிறகு, பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷ் பதவிக்குப் பெரிய போட்டி நடந்தது. கவர்னர் தூப்ளேயின் மனைவிக்கு ரங்கப் பிள்ளையைப் பிடிக்காது. இருந்தும் பதவி அவருக்கே வந்தது. பதவியோடு மரியாதைகளும் வந்தன. கவர்னர் மாளிகைக்குள் மேளவாத்தியம் முழங்கப் பல்லக்கிலேயே போகலாம். பொற்பிடி போட்ட கைத்தடி வைத்துக்கொள்ளலாம். பாதரட்சையைக் கழற்றாமல் உள்ளே நடக்கலாம். 1749இல் முசபர் ஜங், மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்ற விருதையும் அவருக்கு அளித்தான்.

இவையெல்லாம் வெறும் டம்பம் என்று நினைத்தால் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். யார் பல்லக்கு ஏறலாம், யார் எந்தத் தெருவில் குடை பிடித்துப் போகலாம், யார் செருப்புப் போடலாம் என்பதற்கெல்லாம் அந்நாளில் வலங்கையாரும் இடங்கையாரும் கைகலந்தார்கள். யாருக்கு எத்தனை பீரங்கி முழங்கி மரியாதை செய்தார்கள் என்பதை ரங்கப் பிள்ளை எண்ணி எண்ணிக் குறிப்பில் எழுதுகிறார். பல்லக்கு வாகனம் மட்டுமல்ல. நடமாடும் அத்தாட்சிப் பத்திரம். அதைப் பார்த்தவன், 'இவர் வார்த்தை கவர்னர் காதில் ஏறும்' என்று தெரிந்துகொண்டான். தெரிந்துகொண்டவன் சரக்கைக் கடனுக்குக் கொடுத்தான்.

"அதைத்தானே மாமா நானும் சொல்றேன்!" என்றான் பையன், வெற்றி முகத்தோடு.

"பொறு, கதை பாதிதான் ஆகியிருக்கிறது" என்றேன்.

பல்லக்கு வாங்குகிற செலவு ஒரு தடவை. சுமக்கிறவர்களின் சம்பளம் மாதாமாதம். ஒரு சவாரிக்குக் குறைந்தது நாலு தோள் வேண்டும். தூரம் அதிகமானால் மாற்றுத் தோள் வேண்டும். எஜமானுக்கு வெளியே போகிற வேலை இல்லாத நாளிலும் அவர்களுக்கு வயிறு உண்டு. கல்கத்தாவில் ஆங்கிலக் கம்பெனிக்கு வேலைக்கு வந்த இளம் எழுத்தர்கள், சம்பளத்துக்கு மிஞ்சிப் பல்லக்கு வைத்துக்கொண்டு கடனில் மூழ்கினார்கள். லண்டனில் இருந்த டைரக்டர்கள், எழுத்தர்கள் பல்லக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று கட்டளை அனுப்பும்படி ஆயிற்று. பல்லக்கு சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் பார்த்து வள்ளுவர் அறத்தைப் பற்றி யோசித்தார். கம்பெனி டைரக்டர்கள் கணக்கைப் பற்றி யோசித்தார்கள். இரண்டும் யோசிக்க வேண்டியவைதாம்.

ரங்கப் பிள்ளையின் பல்லக்கு வேறு மாதிரி. அதற்கு முன்னால் அவருக்கு வியாபாரம் இருந்தது. பாக்கு, துணி என்று பலவும் விற்றார். 'ஆனந்தப்புரவி' என்ற சொந்தக் கப்பல் கடலில் ஓடிற்று. முதலில் கப்பல், பிறகு பல்லக்கு. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பல்லக்கு அவருக்குக் கப்பலைச் சம்பாதித்துக் கொடுக்கவில்லை.

அப்படி வந்த பல்லக்கும் நிலைத்ததா? 1754 ஆகஸ்டில் கொதே என்பவர் பிரான்சிலிருந்து வந்து இறங்கினார். அக்டோபரில் தூப்ளே கப்பலேறினார். யுத்தங்களுக்காகத் தம் சொந்தப் பணத்தை வாரி இறைத்தவர் தூப்ளே. கம்பெனி அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நவாபுகளுக்குப் பட்டம் கட்டிய மனிதர் 1763இல் பாரிஸில் வறுமையில் இறந்தார். தூப்ளே போனபின் ரங்கப் பிள்ளையின் செல்வாக்கும் தேய்ந்தது. 1756இல் பதவியும் போயிற்று. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1761 ஜனவரியில், முற்றுகையிட்ட ஆங்கிலேயரிடம் புதுச்சேரி சரணடைவதற்குச் சில நாட்களுக்கு முன் கண்ணை மூடினார். அவர் மேளதாளத்துடன் நுழைந்த கவர்னர் மாளிகையை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

பிறர் கொடுத்த மரியாதை, கொடுத்தவரோடு போயிற்று. எஞ்சியவை இரண்டு. ஒன்று, கீழே நம் ஊர் மரத்தூண்களும் மேலே ஐரோப்பிய பாணித் தூண்களுமாக ரங்கப் பிள்ளை தெருவில் இன்றும் நிற்கிற அவர் வீடு. மற்றொன்று அந்தத் தினசரிக் குறிப்பு. அதற்கு ஆன செலவு காகிதமும் மையும் விடாமுயற்சியும்தான்.

அடுத்தது புஷ் வண்டி. தள்ளு என்பதற்குப் பிரெஞ்சில் 'பூஸ்' என்பார்கள். வண்டிக்கு 'பூஸ்-பூஸ்' என்று பெயர். தமிழன் நாக்கில் அது புஷ் வண்டி ஆயிற்று. சிறிய சக்கரங்கள்மேல் ஓர் இருக்கை. பின்னாலிருந்து ஆள் தள்ளுவான். முன்னால் உட்கார்ந்திருப்பவர் கைப்பிடியைப் பிடித்துத் தாமே திசை திருப்பிக்கொள்வார். பிரெஞ்சு உத்தியோகஸ்தர் அதில் கச்சேரிக்குப் போனார். துரைசானி மாதா கோயிலுக்குப் போனாள். இதையும் மனிதன்தான் தள்ளினான். ஆகையால் இதைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை. ஆனால் ஊருக்கு அது பொருந்தியிருந்தது. புதுச்சேரி நகரின் நேர்க்கோட்டுத் தெருக்களை 1690களில் டச்சுக்காரர்கள் வரைந்தார்கள். புல்வார்களுக்குள் அடங்கிய இந்தச் சின்ன ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தே போய்விடலாம். அதற்கு எவ்வளவு பெரிய வாகனம் வேண்டுமோ அவ்வளவுதான் புஷ் வண்டி.

பையன் வண்டியைச் சுற்றி வந்தான். "உட்கார்ந்திருக்கறவர் கையிலேயே ஸ்டியரிங்கா!" என்று ஆச்சரியப்பட்டான்.

அவன் வாங்க நினைத்த ஜாதி வண்டிக்கும் ஒரு பூர்வோத்தரம் உண்டு. அதன் பாட்டன், இரண்டாம் உலக யுத்தத்துக்காக அமெரிக்காவில் செய்த ஜீப். கதவுகூடக் கிடையாது; சேற்றிலும் மேட்டிலும் போனால் போதும் என்று செய்தது. 1970இல் இங்கிலாந்தில் வந்த முதல் ரேஞ்ச் ரோவர்கூடப் பண்ணைக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்ததுதான். சேறு படிந்த உள்புறத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம். தோலும் மரவேலையும் பிற்பாடு வந்தன. உழைக்கப் பிறந்த வண்டி, காலப்போக்கில் பல்லக்கு ஆயிற்று.

நம் நாட்டில் ஆடம்பரத்துக்கு அரசாங்கமே அளவு நாடா வைத்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டர் நீளத்துக்கும் குறிப்பிட்ட இஞ்சின் அளவுக்கும் உட்பட்ட வண்டிக்கு ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு 18. நீளம் தாண்டினால் 40. புதுச்சேரியின் வாகன வரியோ வெகுகாலம் அண்டை மாநிலங்களைவிடக் குறைவாக இருந்தது. அதனால் வெளியூர்ப் பிரபுக்களின் வண்டிகள் இங்கே விலாசம் தேடி வந்தன. போலி விலாசம் கொடுத்துப் பதிவு செய்ததாகக் கேரளத்தில் 2017இல் வழக்குகள்கூட எழுந்தன. மேளதாளத்தோடு போகவேண்டும், ஆனால் மேளக்காரனுக்குக் கூலி கொடுக்கக் கூடாது என்கிற ஆசை புதிதல்ல.

"சின்ன வண்டியிலே பாதுகாப்பு இருக்காதே மாமா" என்றான் பையன், கடைசி அஸ்திரமாக.

அது நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் உயிர்க்காப்பும் பணக்காரனுக்கே உரியதாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் மோதல் பரிசோதனையில், பெரியவர்களின் பாதுகாப்புக்காக ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்திய வண்டி, நாலு மீட்டருக்கு உட்பட்ட டாட்டா நெக்ஸான்தான். 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் பரிசோதனையும் நடக்கிறது. நட்சத்திரத்தைப் பார்த்து வாங்கலாம், நீளத்தைப் பார்க்கவேண்டியதில்லை.

வெளியே வந்து பூங்காவில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். வெகுநேரம் அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. வயசுப் பிள்ளைக்கு ஆசை கூடாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? நானும் என் முதல் புஸ்தகத்துக்குத் தங்க எழுத்தில் அட்டை போட்டுக் கடன்பட்டவன்தான்.

கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன். "அந்த வண்டிக்கு வருகிற ஸலாம் உனக்கா, வண்டிக்கா? உனக்கு என்றால் வண்டி இல்லாமலும் வரும். வண்டிக்கு என்றால், தவணை நின்ற மாதம் அதுவும் நின்றுபோகும். அதற்காக அம்மாவின் மனையைக் கொடுக்கலாமா என்று நீயே யோசித்துக்கொள்."

"யோசிக்கிறேன் மாமா" என்றான். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. ஒரு கனவைக் கீழே வைக்கும்போது வருத்தம் இல்லாமல் இருக்குமா?

இரண்டு மாதம் கழித்துத் தங்கை பேசினாள். சின்ன வண்டி வந்துவிட்டதாம். வாசலிலேயே நிற்க இடம் இருக்கிறதாம். மனையைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

பிறகு பையன் டெலிபோனை வாங்கினான்.

"வாட்ச்மேன் என்னடா சொல்கிறான்?" என்றேன்.

"இன்னமும் 'அந்தப் பக்கம் போ'ன்னுதான் சொல்றான், மாமா. போறேன். சாமானை இறக்கறேன், பணத்தை வாங்கறேன், வந்துடறேன்" என்று சொல்லிச் சிரித்தான்.