கைப்பிடித்த மணமும் கடதாசி மணமும்

கணவனைத் 'தாலி கட்டியவன்' என்று தமிழர் சொல்வதுண்டு. ஆனால் கணவன், மனைவி ஆகிய இருவர்க்கும் பொதுவாக நிற்கும் சொல் ஒன்று உண்டெனில் அது கைப்பிடித்தல்தான். கைப்பிடித்தவன், கைப்பிடித்தவள் என்னும் வழக்கு வீட்டுப் பேச்சிலும் உண்டு, இலக்கியத்திலும் உண்டு. வடமொழியார் இதனையே பாணிக்கிரகணம் என்றனர். ஆண்டாள் கண்ட கனவிலும் மணமகன் வந்து கைப்பற்றும் காட்சியே உள்ளத்தில் நிற்கின்றது.

இஃது இந்நாட்டார்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. பிரித்தானியத் தீவுகளில் 'ஹேண்ட்ஃபாஸ்டிங்' என்றொரு மணமுறை இருந்தது. கைப்பிணைப்பு என்று அதனைத் தமிழாக்கலாம். இருவர் கைகோத்து, 'உன்னை ஏற்றேன்' என்று வாய்மொழியாகச் சொன்னால் அதுவே திருமணமாகக் கொள்ளப்பட்டது. பாதிரியாரும் வேண்டியதில்லை, பதிவேடும் வேண்டியதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1563இல் திரெந்துப் பொதுச்சங்கத்தில் இவ்வகை மணங்களுக்கு முடிவு கட்ட முனைந்தது. இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1753இல் சட்டம் செய்து அவற்றை விலக்கியது. ஸ்கொத்லாந்திலோ, வாய்மொழி உடன்பாட்டால் ஆகும் மணம் 1940 வரை செல்லுபடியாயிற்று. ஓராண்டும் ஒரு நாளும் வாழ்ந்து பார்த்துப் பின் பிரியலாம் என்ற சோதனை மணமே கைப்பிணைப்பு என்றொரு கதை உண்டு. சர் வால்டர் ஸ்கொத் 1820இல் எழுதிய ஒரு நாவல் அக்கதையை எங்கும் பரப்பிற்று. பிற்கால வரலாற்றாசிரியர்கள் அதற்கு ஆதாரமில்லை என்று காட்டினர். இன்று மேனாடுகளில் கிறித்துவத்துக்கு முந்திய தொல்சமய நெறியைப் புதுப்பிக்க விரும்புவோர், உற்றார் நண்பர் சூழ நின்று மணமக்களின் கைகளை நாடாவால் பிணைத்து இம்மணத்தைக் கொண்டாடுகின்றனர்.

நாடாவால் கைகளைப் பிணைக்கும் காட்சியைக் காண ஸ்கொத்லாந்துக்குப் போக வேண்டியதில்லை. கண்டி நாட்டு மலைகளே போதும். 1660 முதல் 1679 வரை கண்டி அரசனிடம் சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் மலைநாட்டுச் சிங்களவரின் திருமணத்தை எடுத்துரைக்கின்றார். மணமக்கள் ஒரே கலத்தில் உண்பர். பின் சில வேளைகளில் இருவர் பெருவிரல்களும் ஒன்றாகக் கட்டப்படும். அத்துடன் சடங்கு முடிந்தது. வேறு சில இடங்களில் ஒரே துணியின் இரு முனைகளை இருவரும் இடையிற் சுற்றிக்கொண்டு நிற்க, தலையில் நீர் ஊற்றப்படும். இந்நாளில் சிங்களவர் 'போருவ' என்னும் மணமேடையில் நிற்கையில், மணமகளின் தாய்மாமன் இருவர் சிறுவிரல்களையும் நூலால் கட்டிக் கெண்டியிலிருந்து நீர் வார்க்கின்றார். தாய்மாமனுக்கு அங்கும் அவ்வளவு மதிப்பு! தமிழரின் தாரை வார்த்தலை அறிந்தவர்க்கு இஃது அயல் வழக்கமாகத் தோன்றாது.

அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாடல்கள் சங்ககாலத் திருமணங்களைக் காட்டுகின்றன. முன்னைய பாடலில் பந்தலிட்டு, மணல் பரப்பி, விளக்கேற்றி, உழுந்து கலந்த பொங்கல் படைத்து, மக்களைப் பெற்ற மங்கலமகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். தீவலம் வருதல் அங்கே பேசப்படவில்லை. மணத்தை மணமாக்கியது சுற்றத்தாரின் கண்ணும் வாயும் என்பதே அப்பாடல்கள் தரும் செய்தி.

ஊவா மாகாணத்தில், பெரகலவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பாதையில் உள்ளது கொஸ்லந்த. அப்புத்தளை மலைத்தொடர் மேலே நிற்க, ஏறத்தாழ 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி அருகே ஒலிக்கும். கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போனபின், இம்மலைகளில் முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிராயின. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் திரட்டிய மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி நடந்து மலையேறினர். பதுளைக்கு இருப்புப்பாதை வந்தது 1924இல்தான். அவர்கள் கொண்டுவந்த பொருள் சிறிது, வழக்கங்களோ பல. திருமண முறை அவற்றுள் தலையாயது.

தோட்டத்துத் திருமணம் லயத்து வாயிலில்தான் நடைபெறும். முதலில் கங்காணிக்கு வெற்றிலை பாக்கு. பரிசம் போடும் நாளில் இரு தரத்துப் பெரியோரும் தட்டு மாற்றிக்கொள்வர். பந்தற்கால் ஊன்றும்போது, லயத்தில் உள்ளோர் அனைவரும் தத்தம் காம்பராவையும் இஸ்தோப்பையும் விருந்தினர்க்கு ஒழித்துக் கொடுப்பர். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவேயான அக்காம்பராக்களில் விருந்தினர் எவ்வாறு அடங்கினர் என்பது வியப்பே. அயல் வீட்டுப் பெண்கள் அரிசி களைவர், இளைஞர் விறகு சுமப்பர், தப்பு முழங்கும். அரசாணிக்கால் நட்டு, விளக்கேற்றி, தாய்மாமன் மாலையிட, கோயிற் பூசாரியோ குலத்துப் பெரியவரோ முன்னின்று தாலியை எடுத்துக் கொடுப்பார். முதல் முடிச்சை மணமகன் இட, மற்றவற்றை அவன் உடன்பிறந்தாள் இடுவாள். பின்னர்ப் பெண்ணின் கையை மணமகன் கையில் வைத்துப் பிடித்துக் கொடுப்பர். சிலர் மாரியம்மன் கோயிலிலேயே தாலி கட்டிக்கொண்டு, லயத்தில் விருந்து வைப்பதும் உண்டு.

அந்நாளில் எழுதப்பட்ட ஒரே ஏடு மொய் நோட்டுத்தான். இன்ன தோட்டத்து இன்னார் இத்தனை ரூபாய் என்று வரி வரியாக அதில் எழுதப்பட்டிருக்கும். எழுதத் தெரிந்த ஒருவர் பந்தல் ஓரத்தில் அமர்ந்து, பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுவார். ஒரு கல்யாணத்துக்கு யார் யார் வந்தனர் என்பதற்கு அதனைவிட உறுதியான பட்டியலை எந்தக் கந்தோரும் வைத்திருக்க இயலாது. ஆயினும் கந்தோர்கள் அதனை ஏடாக மதிப்பதில்லை.

தம் வீட்டு மணத்தைப் போலவே தெய்வத்தின் மணத்தையும் இம்மக்கள் ஒன்றுகூடிக் கொண்டாடினர். மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து நடைபெறும். காமன் கம்பம் ஊன்றி, நாள்தோறும் பாட்டுப் பாடி, மதனுக்கும் ரதிக்கும் திருமணம் செய்துவைப்பர். அம்மணத்துக்குத் தோட்டம் முழுவதும் உறவினரே. பின்னர்ச் சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிவான். ரதியின் ஒப்பாரி மலையெங்கும் கேட்கும். சாத்திரப் புராணக் கதைதான். எனினும் அதனை நடத்துவது குருக்கள் அல்லர், கொழுந்து பறிப்போரும் கவ்வாத்து வெட்டுவோருமே.

இனிச் சட்டத்தின் கதை. கண்டிச் சிங்களவரின் திருமணங்களைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று ஆங்கில அரசு 1859ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் விதித்தது. அதன்பின் நூலால் விரலைக் கட்டினாலும் நீர் வார்த்தாலும் பதிவில்லையேல் சட்டத்தின்முன் அது மணமன்று. 1870இல் வேறு சட்டம் வந்தது. 1952இல் 44ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பதிவு வேண்டும் என்ற விதி அகலவில்லை. தோட்டத் தமிழர்க்கு உரியதோ 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அது பதிவேட்டைத் திருமணத்துக்குச் 'சிறந்த சான்று' என்று கூறியதேயன்றி, ஒரே சான்று என்று கூறவில்லை. ஆகவே வழக்கப்படி நடந்த திருமணத்தை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்ததையும் சான்றாகக் கொண்டன.

இது பெருந்தன்மையான ஏற்பாடு என்றே முதலில் தோன்றும். உண்மையில் அது பாதிக் கதவைத் திறந்து வைத்த ஏற்பாடு. பதிவு செய்யாவிடினும் குற்றமில்லை என்றதனால் தோட்டத்தார் பலர் பதிவு செய்யவில்லை. பிறப்பையும் இறப்பையும் தோட்டத்துரை அறிவித்துவிடுவார். விவாகத்துக்கோ மணமக்களே பதிவுகாரரிடம் போக வேண்டும். மலையிறங்கிப் போனால் அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையேல் சம்பளம் இல்லை. படிவமோ அவர்கள் வாசிக்க இயலாத மொழியில். செக்ரோலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பேர் இருந்தது. யார் யாருக்கு மனைவி என்பது லயத்தார்க்குத் தெரியும். அதற்குமேல் யாரிடம் மெய்ப்பிக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்திருப்பர். அவ்வாறு நினைத்ததில் தவறும் இல்லை.

மெய்ப்பிக்க வேண்டிய நாள் 1949இல் வந்தது. முந்திய ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோர் ஆக்கியிருந்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்தது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் விவாகமானவர் 7 ஆண்டும், விவாகமாகாதவர், விதவையர், விவாகம் நீங்கியோர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்திருத்தல் வேண்டும் என்றது அச்சட்டம். மேலும், விண்ணப்பிக்கும் ஆடவனின் மனைவி, திருமணமான ஓராண்டு நிறைவதற்குள்ளேயே இலங்கையில் வந்து வசித்தவளாய் இருத்தல் வேண்டும். ஆக, திருமணம் நடந்ததா என்பது மட்டுமன்று, என்று நடந்தது என்பதும் பிரஜாவுரிமைக்கு அச்சாணி ஆயிற்று.

'மாசித் திருவிழா முடிந்த மறு வாரம்' என்று நாள் சொல்லத் தெரிந்த ஒரு தாயை நினைத்துப் பார்க்கலாம். அவள் கழுத்தில் தாலி உண்டு, மடியில் பிள்ளைகள் உண்டு, மொய் நோட்டு எங்கோ கறையானுக்கு இரையாயிற்று. திகதி கேட்கும் உத்தியோகத்தரிடம் அவள் எதனைக் காட்டுவாள்? விவாகமானவர் என்று காட்ட இயலாதவர்க்கு 7 ஆண்டுக் கணக்கு உதவாது. 10 ஆண்டுக் கணக்கே எதிர்நிற்கும். இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடக்கத்தில் அச்சட்டத்தைப் பகிஷ்கரித்துப் பின்னரே விண்ணப்பிக்குமாறு மக்களுக்குக் கூறிற்று. அதனால் நாளும் குறுகிற்று. 1951 ஓகஸ்ட் 5ஆந் திகதி வரை ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சேர்ந்தன. அவற்றில் அடங்கியோர் ஏறத்தாழ 8,24,000 பேர். இறுதியில் உரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. நிராகரிப்புக்குக் காரணங்கள் பல. கடதாசி இல்லாத குறை எல்லாவற்றினூடும் ஓடிற்று.

பாக்குநீரிணைக்கு அப்பால் இதே வினா வேறுவகையில் எழுந்தது. பெரியார் ஈ. வெ. ராமசாமி 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் புரோகிதரின்றிச் சுயமரியாதைத் திருமணம் ஒன்றை நடத்திவைத்தார். அவ்வகைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. அண்ணாத்துரையின் அரசு 1967இல் இந்து விவாகச் சட்டத்தைத் திருத்தி, உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் போதும் என்று ஆக்கிற்று. முன்னர் அவ்வாறு நடந்த மணங்களும் செல்லும் என்றது. இது முக்கியமானது. மக்கள் வழக்கை ஏற்பதாயின் முழுமையாக ஏற்க வேண்டும். பழையனவற்றையும் சேர்த்து ஏற்க வேண்டும். இலங்கைத் தோட்டத் தம்பதியர்க்கு 1949இல் அந்தத் தெளிவு வாய்க்கவில்லை.

வாய்க்காததன் விளைவு அடுத்த தலைமுறைக்கும் நீண்டது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஒரே லயத்தில் ஒருவர்க்கு ஒரு நாடும் மற்றவர்க்கு வேறு நாடும் வாய்த்த குடும்பங்கள் பல. பதுளை, பண்டாரவளை நிலையங்களில் உறவினரைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றே பெயரிட்டனர். கப்பற் போக்குவரத்து 1984இல் நின்றது. மலையகத்தில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால்தான் உரிமை வந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வசித்ததையோ, அத்தகையோரின் வழித்தோன்றல் என்பதையோ கேட்டது. யார் யாருடைய பிள்ளை என்னும் வினா அங்கும் எழுந்தது.

இன்று கொஸ்லந்தப் பகுதியில் இளைஞர் பலர் பதிவுகாரரையே மணப்பந்தலுக்கு அழைத்துக்கொள்கின்றனர். தாலி கட்டிய கையோடு கையொப்பமும் ஆகின்றது. மூத்தோர் சிலர் பேரப்பிள்ளைகளைக் கண்ட பின்னர்க் கந்தோருக்குப் போய்த் தம் திருமணத்தைப் பதிந்துகொண்டதும் உண்டு. அந்தப் பத்திரத்தில் இருப்பது பதிவு செய்த திகதி. தாலி கட்டிய நாளன்று.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்த மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. மாண்டவர் பலர், உடல் கிடைக்காதவரும் உளர். காம்பராக்களில் பெட்டியில் வைத்திருந்த தாள்களும் மண்ணுக்குள் போயின. பதிவான விவாகத்துக்குப் பதுளையில் உள்ள ஏட்டிலிருந்து மறுபிரதி பெறலாம். பதிவாகாத விவாகத்துக்குச் சான்று, அன்று பந்தலில் நின்று வாழ்த்தியவர்கள். அவர்களுள் சிலரும் அந்த லயங்களிலேயே குடியிருந்தனர்.