ராக்ஃபோர்டு பையன்கள்

1867 ஜூலையில் வாஷிங்டனிலிருந்து மேற்கு நோக்கி ரயிலேறிய பேஸ்பால் அணியில் பாதிக்கு மேல் அரசாங்க குமாஸ்தாக்கள். அமெரிக்க நிதித்துறையில் கணக்கு எழுதுகிறவர்கள். நேஷனல் கிளப் என்பது அணியின் பெயர். உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. படைமுகாம்களில் பந்தாடிப் பழகியவர்கள் ஊர் திரும்பியதும், ஒஹையோ, இண்டியானா, இல்லினாய் மாநிலங்களில் சின்னச் சின்ன ஊர்களில்கூட கிளப்புகள் முளைத்துவிட்டன. ஆனால் பெரிய ஆட்டக்காரர்களை அந்த ஊர்க்காரர்கள் பத்திரிகையில் படித்ததோடு சரி, கண்ணால் கண்டதில்லை. கிழக்குப் பகுதி அணி ஒன்று அலெகெனி மலைகளைத் தாண்டி வந்து ஆடியது அதுவே முதல் முறை. போக வர ஏறக்குறைய மூவாயிரம் மைல்.

அன்றைய தேசிய பேஸ்பால் சங்கத்தின் விதிப்படி, ஆடுவதற்குக் காசு வாங்கக் கூடாது. நேஷனல் அணி நுழைவுக் கட்டணத்திலும் பங்கு கேட்கவில்லை. பயணச் செலவு தங்களுடையது என்று பெருமையாக அறிவித்தது. ஆனால் அணியின் நட்சத்திரமான இருபது வயது ஜார்ஜ் ரைட் என்ன வேலை பார்த்தார்? அவரும் அரசாங்க குமாஸ்தா என்றுதான் பட்டியலில் இருந்தது. அலுவலக முகவரியாகக் கொடுத்திருந்த இடத்தில் இருந்தது ஒரு பொதுப் பூங்கா என்று பேஸ்பால் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஆட்டத்துக்காகவே வேலை, வேலை என்ற பெயரில் சம்பளம். இதை அந்த இளைஞர்களின் குற்றமாக நான் பார்க்கவில்லை. விளையாடிப் பிழைப்பது இழிவு என்று விதி எழுதியவர்கள் வசதியானவர்கள். ரைட்டின் தந்தையோ கூலிக்கு கிரிக்கெட் ஆடியும் கற்றுக்கொடுத்தும் குடும்பம் நடத்தியவர்.

ஸ்கோர் எழுத அணியோடு ஹென்றி சாட்விக்கும் போனார். இங்கிலாந்தில் பிறந்து, கிரிக்கெட் செய்தியாளராக இருந்து பேஸ்பாலுக்கு வந்தவர். இன்றும் பத்திரிகைகளில் வரும் பேஸ்பால் ஸ்கோர் அட்டவணைக்கு உருக்கொடுத்தவர் அவரே. அந்தப் பயணத்தில் அவருக்குக் கை ஓய்ந்திருக்காது. கொலம்பஸில் 90-10. லூயிவில்லில் 82-21. இண்டியானாபொலிஸில் 106-21. செயின்ட் லூயிஸில் யூனியன் கிளப்புக்கு எதிராக 113-26. கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இவை சாதாரண எண்கள். பேஸ்பாலில் இன்று ஓர் அணி பத்து ஓட்டம் எடுத்தாலே பெரிய விஷயம். அன்று யாரிடமும் கையுறை கிடையாது. வேகமாக வரும் பந்தை வெறுங்கையால்தான் பிடிக்க வேண்டும். மைதானங்கள் மேடும் பள்ளமுமாக இருந்தன. வீச்சாளர் 45 அடி தூரத்திலிருந்து கையை இடுப்புக்குக் கீழே வைத்துத்தான் வீச வேண்டும். தேர்ந்த மட்டைக்காரர்கள் வந்து நின்றால் உள்ளூர் அணி பந்தைத் துரத்தியே களைத்துப்போகும். சின்சினாட்டி அணிக்கும் 53-10 என்று அடி விழுந்தது. அந்த வருடம் அவர்கள் தோற்றது அந்த ஓர் ஆட்டத்தில் மட்டும்தான்.

ஜூலை 25. சிகாகோவின் டெக்ஸ்டர் பார்க். நேஷனல் அணி அங்கே வந்ததே சிகாகோவின் எக்ஸெல்சியர் அணியோடு மோதத்தான். அதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் போல ராக்ஃபோர்டிலிருந்து ஃபாரஸ்ட் சிட்டி அணியை அழைத்திருந்தார்கள். ராக்ஃபோர்டு அப்போது பத்தாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஆற்றங்கரை ஊர். அந்த அணியை எக்ஸெல்சியர் அந்தக் கோடையிலேயே இரண்டு முறை தோற்கடித்திருந்தது. பந்து வீச வந்தவர் ஆல்பர்ட் ஸ்பால்டிங், வயது பதினாறு. சிறு வயதில் தந்தையை இழந்து, படிப்பதற்காக ராக்ஃபோர்டில் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பையன். யாரையும் தெரியாத ஊரில் அவருக்குத் துணையாகக் கிடைத்தது இந்த ஆட்டம்தான். அவருக்குப் பின்னால் நின்ற ராஸ் பார்ன்ஸுக்கு வயது பதினேழு. பத்திரிகையில் மட்டுமே படித்த பெயர்கள் எதிரே மட்டையோடு நின்றபோது தான் நடுங்கிப்போனதை முதுமையில் ஸ்பால்டிங் மறைக்காமல் எழுதினார்.

நடுக்கம் தணிந்தபின் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ராக்ஃபோர்டு முன்னிலைக்குப் போனது, அதை விடவேயில்லை. 29-23. பயணத்தில் நேஷனல் அணி ஆடிய பத்து ஆட்டங்களில் தோற்றது இது ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்து எக்ஸெல்சியரோடு ஆட்டம். ராக்ஃபோர்டையே வென்றவர்கள் நாம் என்ற தைரியத்தில் சிகாகோக்காரர்கள் பந்தயம் கட்டினார்கள். நேஷனல் 49, எக்ஸெல்சியர் 4. பணம் போன ஆத்திரம் மறுநாள் பத்திரிகையில் வெளிப்பட்டது: பந்தயப் பணத்துக்காகவே வாஷிங்டன்காரர்கள் முதல் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்கள் என்று 'சிகாகோ டிரிபியூன்' எழுதியது. கிளப் தலைவர் கர்னல் ஃபிராங்க் ஜோன்ஸும், பின்னாளில் செனட்டரான ஆர்தர் கோர்மனும் அந்த அலுவலகத்துக்கே போய் மறுப்புப் போடச் சொன்னார்கள். எனக்கு இதில் வருத்தம் ராக்ஃபோர்டு பையன்களுக்காகத்தான். வாழ்நாளில் மறக்க முடியாத வெற்றி, மூன்றாம் நாளே சந்தேகத்துக்கு ஆளானது. அந்த வெற்றி போலியல்ல என்பதற்கு அவர்களின் பிற்கால ஆட்டமே சாட்சி: பார்ன்ஸ் அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த மட்டைக்காரர்களில் ஒருவரானார்.

ஸ்பால்டிங்குக்கு அந்த ஆண்டே சிகாகோவிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு மொத்த மளிகை வணிக நிறுவனத்தில் வாரம் 40 டாலர் சம்பளம். சரக்குக் கணக்கு எழுதும் பையனுக்கு அந்நாளில் யாரும் அவ்வளவு கொடுப்பதில்லை. எதற்காகக் கொடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கடை சீக்கிரமே நொடித்துப்போய், அவர் ராக்ஃபோர்டுக்குத் திரும்பினார். பின்னர் விளையாட்டுப் பொருள் வியாபாரத்தில் பெரும் செல்வரானார். 1888-89இல் இரண்டு அணிகளைக் கப்பலேற்றி உலகம் சுற்றக் கூட்டிப்போனார். அந்த வழியில் 1889 ஜனவரியில் கொழும்பிலும் பேஸ்பால் ஆடப்பட்டது.

53-10 என்று தோற்ற சின்சினாட்டிக்காரர்கள் அந்த உலகப் பயணத்துக்கு வெகு முன்பே வேறொரு முடிவுக்கு வந்திருந்தார்கள். 1869இல் சங்கம் தடையைத் தளர்த்தியதும், அணி முழுவதுக்கும் வெளிப்படையாகச் சம்பளம் பேசினார்கள். அணித்தலைவர் ஹாரி ரைட், ஜார்ஜின் அண்ணன். அணியிலேயே அதிகச் சம்பளம், 1,400 டாலர், ஜார்ஜுக்கு. இந்த முறை பட்டியலில் பொய் முகவரி எதுவும் தேவைப்படவில்லை.

(தொடரும்)