ஜாவாவின் பச்சைப் பறவையும் கூண்டு வழக்கமும்

ஜாவாவில் ஓர் ஆண்மகனின் வாழ்க்கை நிறைவுபெற ஐந்து வேண்டும் என்பது பழைய மரபு: விஸ்மா, வனிதா, துரங்கா, சுரிகா, குகிலா. அதாவது வீடு, மனைவி, குதிரை, குறுவாள், பறவை. வடமொழியிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த இச்சொற்களில் நான்கு, வனிதை, துரங்கம், சுரிகை, கோகிலம் என்று தமிழர் காதுக்கும் பழக்கமானவை. இந்த ஐந்தில் குதிரைக்கும் குறுவாளுக்கும் அன்றாட வாழ்க்கையில் வேலை இல்லாமல் போய்விட்டது. பறவை மட்டும் இன்றும் வாசலில் கூண்டில் தொங்குகிறது.

அந்த வழக்கத்தில் முதலிடம் பெற்றது பெர்குதுத் எனப்படும் சிறிய வரிப்புறா. அதன் குரலைச் செல்வத்துக்கும் நல்லூழுக்கும் அடையாளமாகக் கொண்டார்கள். விடியற்காலையில் கூண்டைக் கயிற்றில் கட்டி உயரமான கம்பத்தின் உச்சிக்கு ஏற்றிவிட்டு, கீழே உட்கார்ந்து அதன் குரலைக் கேட்பது குடும்பத் தலைவரின் அன்றாட இன்பம். இதில் குறைகாண எதுவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இதன் போக்கு மாறியது. நகரங்களில் பாட்டுப் போட்டிகள் பெருகின. நடுவர்கள் மதிப்பெண் இட்டார்கள், பரிசுப் பணம் ஏறியது. தமிழில் சோலைபாடி எனப்படும் பறவை அங்கே ‘முராய் பாத்து’ என்ற பெயரில் போட்டிகளின் நாயகன் ஆனது. ஜகார்த்தாவின் பிரமுகா சந்தை நாடறிந்த பறவைக் கடைத்தெருவாக வளர்ந்தது.

போட்டிப் பறவைக்கு ஆசானும் உண்டு. பலவிதக் குரல் உடைய வேறொரு பறவையை அருகில் தொங்கவிட்டால், பாடும் பறவை அந்தக் குரல்களையும் கற்றுக்கொள்ளும். இதற்கு ‘மாஸ்தரான்’ என்று பெயர். எகெக் கெலிங் என்னும் காக்கை இனப் பறவை சந்தைக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொன்று அதன் அழகு.

எகெக் கெலிங், ஜாவாவின் பச்சை மேக்பை. உடல் முழுக்க இளந்தளிர்ப் பச்சை, கண் வழியே முகமூடி கட்டியது போல் கறுப்புப் பட்டை, பவளச் சிவப்பில் அலகும் கால்களும், செம்பழுப்பு இறக்கை. மேற்கு ஜாவாவின் மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. 1826-ல் டச்சு விலங்கியலாளர் தெம்மிங்க் இதற்கு அறிவியல் பெயர் இட்டார். போர்னியோவின் கினபாலு மலைப்பகுதியில் வாழும் வெள்ளை விழி கொண்ட பச்சை மேக்பையும் இதுவும் ஓரினம் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டன. இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று 2013-ல் வெளிவந்த ஆய்வு வாதிட்டது. இவற்றுக்கு உறவினர் இன்னும் இருவர்: இமயமலை அடிவாரத்திலிருந்து சுமத்ரா, போர்னியோ வரை பரவிய பச்சை மேக்பை ஒன்று, இந்தோசீனாவிலும் தென்சீனாவிலும் வாழும் மஞ்சள் நெஞ்சுப் பறவை மற்றொன்று. இலங்கையின் சிங்கராஜக் காட்டு நீல மேக்பையும், நம் தோப்புகளில் திரியும் வால்காக்கையும் இதே காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலப் பெயரில் மேக்பை வருவதால் குண்டுக்கரிச்சானையும் இதில் சேர்த்துவிடக் கூடாது. அது ஈப்பிடிப்பான் குடும்பம்.

கூண்டில் அடைபட்ட எகெக் கெலிங் பச்சையாகவே இருப்பதில்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தைத் தருகிறது. உணவிலிருந்து கிடைக்கும் லூட்டின் என்ற மஞ்சள் நிறமி அதனோடு சேர்ந்தால்தான் பச்சை. காட்டில் பூச்சிகளையும் சிறு தவளை, பல்லிகளையும் தின்று திரிந்த பறவைக்குக் கடைத் தீவனம் மட்டும் போட்டால், அடுத்த இறகுதிர்ப்பில் வெளிர்நீல இறகுகள் முளைக்கும். அழகுக்காகப் பிடித்து வந்த பச்சை, பிடித்தவர் வீட்டிலேயே வெளுத்துப்போகும்.

வழக்கத்தின் பரப்பைச் சில எண்கள் காட்டும். 2014 ஜூலையில், காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பினர் ஜகார்த்தாவின் மூன்று சந்தைகளில் மூன்றே நாளில் 206 இனங்களைச் சேர்ந்த 19,000-க்கும் மேற்பட்ட பறவைகளை எண்ணினார்கள். ஜாவாவின் 3.6 கோடி வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு, 6.6 கோடி முதல் 8.4 கோடி வரை கூண்டுப் பறவைகளை வைத்திருக்கின்றன என்று 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இத்தனை பேரின் ஆசையைத் தாங்க, ஒரு தீவின் சில மலைகளில் மட்டும் வாழ்ந்த பறவையால் முடியாது. காடழிப்பும் சேர, அது அற்றுப்போகும் விளிம்புக்கு வந்தது.

மீட்பு முயற்சியும் அதே மேற்கு ஜாவாவில் தொடங்கியது. சுகபூமி அருகே உள்ள சிக்கனங்கா மையம் இப்பறவைகளை இனப்பெருக்கம் செய்யத் தொடங்கியது. வந்தபோது நீலமாக இருந்த பறவைகள், தக்க உணவு கிடைத்ததும் பச்சைக்குத் திரும்பின. அங்கும் ஆபத்து ஓயவில்லை. 2014-ல் அம்மையத்தில் வளர்த்த கருஞ்சிறகு மைனாக்கள் பெருமளவில் திருடுபோயின. எல்லாப் பறவைகளையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்று, 2015 இறுதியில் ஆறு ஜோடி பச்சை மேக்பைகள் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக்காட்சி சாலைக்கு விமானத்தில் அனுப்பப்பட்டன.

2018-ல் இந்தோனேசிய அரசு பாதுகாக்கப்பட்ட இனங்களின் பட்டியலைத் திருத்தியது. அதில் சேர்க்கப்பட்ட முராய் பாத்து, பறவை வளர்ப்போரின் எதிர்ப்பால் சில வாரங்களிலேயே அதிலிருந்து நீக்கப்பட்டது.