ஆவாரங்குச்சியும் எருக்கிலையும்

சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை. அதன் கல் காந்தத்தில் ஒட்டும், அவ்வளவு இரும்பு. அதை உடைத்து, கழுவி, கரியோடு உருக்கிய சிற்றுலைகள் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டிலும் எரிந்தன.

அடுத்த கட்டம்தான் அற்புதம். இங்கே கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் அதை விவரமாக எழுதிவைத்தார். மூசை என்னும் சிறு மண்கலத்துக்குள் இரும்புத் துண்டுகள். கூடவே நறுக்கிய ஆவாரங்குச்சி. மேலே ஓரிரு பச்சை எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளே உருக்குக் கட்டி! குச்சியும் இலையும் கொடுத்த கரிதான் இரும்பை உருக்காக்கியது.

ஐரோப்பியர் இந்த உருக்கை ‘வூட்ஸ்’ என்றனர். மைக்கேல் ஃபாரடே 1819இலேயே அதை ஆராய்ந்தார். பேர்பெற்ற டமாஸ்கஸ் வாள்கள் பலவற்றை இந்திய உருக்கில் அடித்தார்கள்.

2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பாஃப்லர் குழு, 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாளொன்றின் சிறு துண்டை நுண்ணோக்கியில் பார்த்தது. கரி நானோ குழாய்கள். சிலவற்றின் உள்ளே இரும்புக் கார்பைடு இழைகள். கனிமத்தில் இருந்த வனேடியம் போன்ற துளி உலோகங்களும், கொல்லரின் பக்குவமான சூடும் அடியும் சேர்ந்து செய்த வேலை இது என்பது ஆய்வாளர் கருத்து. கண்ணுக்குத் தெரியாத நுட்பத்தைக் கை அறிந்திருந்தது.

வயலில் அந்தப் பழைய உலைகளின் மிச்சமான கருங்கசடோ உடைந்த மூசையோ தட்டுப்பட்டால் தூக்கி எறியாதீர்கள். தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.