கரி மூட்டைக்குள் ஒரு சரித்திரம்

பெங்களூரில் சனி, ஞாயிறு வந்தால் மொட்டை மாடியில் புகைபோட்டு இறைச்சி வாட்டும் நம்மாட்கள் பெருகிவிட்டார்கள். "வெகுநேரம் நின்னு எரியற கரி எது?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சீமைக்கருவேலங்கரி. நம்ம ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துச் சரக்குதான்.

காமராசர் காலத்தில் விதை தூவினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். சரித்திரம் அதைவிடப் பழசு. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ரயில் எஞ்சினுக்கே விறகு, காடு கரைந்துகொண்டிருந்தது. வன அதிகாரி பெடோம் 1876-இல் விதை கேட்டு எழுதினார். 1877-இல் ஜமைக்காவிலிருந்து வந்த விதை, கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது. ஆக, அடுப்புக்கென்றே கப்பலேறி வந்த மரம்! டெக்சாஸ்காரர்கள் இறைச்சி வாட்டக் கொண்டாடும் 'மெஸ்கீட்' இதன் பங்காளிதான்.

கெட்டியான விறகு. அதை அடுக்கி, மண் பூசி, காற்றை அடக்கி, நாட்கணக்கில் மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். வாங்கும்போது தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாக வெந்த கரி. பெரிய கட்டிகளாகப் பொறுக்குங்கள், காற்றுவழியைக் குறையுங்கள். நின்று எரியும். (மூடிய அறைக்குள் மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.)

2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொன்னது. மேய்ச்சல் நிலமும் கண்மாயும் போகிறதே என்ற கவலை நியாயம்தான். ஆனால் மழை பொய்த்த வருஷங்களில் அங்கே பல வீடுகளில் உலை கொதித்தது கரிமூட்டத்தால். மரத்தை வெட்டுவது பற்றிப் பேசும்போது, மூட்டம் போடுகிறவரின் அடுத்த வேளைச் சோற்றையும் சேர்த்துப் பேசுவோமே. என்ன சொல்றீங்க?